அக்காவுக்குச் சேராத மருந்து தங்கைக்குச் சேருமா? மரபணுவும் மருந்தும்: கேள்வி பதில்

மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மரபணுவால் மருந்து ஏன் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். டோஸ் கேட்காதீர்கள், ரிப்போர்ட் போட்டோ அனுப்பாதீர்கள்.

கேள்வி (கோவை): என் அக்காவுக்கு அவசர சிசேரியன். முழு மயக்கம் கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் பல மணி நேரம் தானாக மூச்சு வராமல் வென்டிலேட்டரில் இருந்தாள். "ஸ்கோலின் ஒத்துக்கல" என்றார்கள். நாங்கள் ஆரிய வைசியர். எனக்கு அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம், ஆனால் வாயை மூடிக்கொண்டு தியேட்டருக்குப் போகவும் வேண்டாம். தொண்டையில் குழாய் போடும்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஊசிதான் ஸ்கோலின். ஒரு நிமிடத்தில் வேலை செய்யும், பத்து நிமிடத்துக்குள் விட்டுவிடும். காரணம், ரத்தத்தில் இருக்கும் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை மளமளவென்று உடைத்துவிடுகிறது. நொதி இல்லாதவருக்கு அதே ஊசி மணிக்கணக்கில் நிற்கும். மூளையும் இதயமும் நன்றாக இருக்கும், மூச்சுத் தசை மட்டும் அசையாது. செயற்கை மூச்சு கொடுத்து, தூக்க மருந்தையும் நிறுத்தாமல் காத்திருந்தால் தானாக விட்டுவிடும். அவசரப்பட்டுக் குழாயை எடுப்பதுதான் ஆபத்து. தூக்க மருந்தை நிறுத்தினாலும் கொடுமை: நோயாளிக்கு நினைவு இருக்கும், விரல்கூட அசைக்க முடியாது.

உங்கள் சமூகத்தில் இது அதிகம் என்பது மயக்க மருத்துவர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதியின் 307ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் என்ற வேறொன்று இருக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்தால்தான் பிரச்சினை. அக்காவுக்கு இதுதான் என்றால் உங்களுக்கும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சூடோகோலினெஸ்டரேஸ் (அதே நொதியின் இன்னொரு பெயர்) ரத்தப் பரிசோதனை போதும், மரபணு டெஸ்ட் கட்டாயமில்லை. பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எடுப்பார்களே, அதே டெஸ்ட்தான். கர்ப்பத்திலும் கல்லீரல் நோயிலும் அளவு இயல்பாகவே இறங்கும். அதனால் அக்காவுக்குப் பிரசவ சமயத்தில் எடுத்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஸ்கோலினும், அதே நொதி உடைக்கும் மிவாகுரியமும் வேண்டாம். தசை தளர்த்தும் மற்ற ஊசிகளான ரோகுரோனியம், அட்ராகுரியம் எல்லாம் வேறு வழியில் கழிபவை. அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகலை மயக்க மருத்துவர் கையில் கொடுங்கள்.

கேள்வி (மதுரை): அப்போ ஜாதி கேட்டுத்தான் ஊசி போடணுமா? படித்தவர் பேசுற பேச்சா இது?

பதில்: ஜாதியை நான் எடுக்கவில்லை, கேட்டவர் சொன்னார். சரி, எடுத்துவிட்டீர்கள், பேசுவோம். ஜாதிக்கென்று தனி ரத்தம் கிடையாது. ஒரு சிறு கூட்டம் வெகுகாலம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், முதல் சில முன்னோர்களில் ஒருவரிடம் இருந்த பிழை பெருகிக்கொண்டே வரும். 2009இல் ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஆந்திரத்து வைசியரிடம் இதன் தடம் தெளிவாகத் தெரிந்தது. எந்தக் கூட்டத்துக்கும் இது நடக்கும்.

மறுபடி அவரே: மழுப்பாதீர்கள். டாக்டர் கேட்கலாமா, கூடாதா?

பதில்: கேட்டு நிறுத்திக்கொண்டால் தப்பு. இதே குறை மற்றவர்களுக்கும் உண்டு, அவர்கள் தப்பிவிடுவார்கள். அந்தச் சமூகத்திலும் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை, அவர்கள் வீணாகப் பயப்படுவார்கள். "உங்கள் வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் தொந்தரவு வந்ததா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் கோவையில் ஒரு மயக்க மருத்துவர் சமூகப் பெயர் காதில் விழுந்ததும் ஒரு டெஸ்ட் கூடுதலாக எழுதினால், அவரைத் திட்ட நான் வரமாட்டேன். உங்கள் அக்காவாக இருந்தால் நீங்களும் வரமாட்டீர்கள்.

கேள்வி (சேலம்): வலிப்புக்கு டெக்ரிட்டால் ஆரம்பித்திருக்கிறார்கள். தோல் உரியும் என்கிறார்களே?

பதில்: மிகச் சிலருக்கு. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு அபாயம் அதிகம். 2004இல் தைவானில் கண்டுபிடித்தார்கள், இந்தியரிடமும் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதம்தான் கவனிக்க வேண்டிய காலம். காய்ச்சலோடு வாய்ப்புண், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு திரும்பி வரும்.

கேள்வி (நாகர்கோவில்): ஸ்டென்ட் வைத்து குளோபிடோகிரல் சாப்பிடுகிறேன். சிலருக்கு அது வேலையே செய்யாதாமே, நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்துக்கு உயிர் வரும். நொதி மந்தமானவருக்குப் பலன் குறையும், நம் ஊரில் அது அபூர்வமல்ல. அமெரிக்காவில் 2010லேயே மருந்தின் லேபிளில் எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். அதே வேலை செய்யும் டிகாகிரெலர், பிராசுகிரல் இந்த நொதியை நம்பி இல்லை. மாற்றலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியம், கேஸ் மாத்திரை. ஒமிப்ரசோல் இதே நொதியைத் தடுக்கும். கடையில் தானாக வாங்கிப் போடுகிறீர்களா?

கேள்வி (தஞ்சாவூர்): பையனுக்கு ஜி6பிடி குறைவு. என்ன மருந்து தவிர்க்க?

பதில்: ஜி6பிடி சிவப்பணுவைக் காக்கும் நொதி. மலேரியாவுக்கான பிரிமாகுவின், தொழுநோய்க்கான டாப்சோன் இரண்டும் முதலில். சிவப்பணு உடைந்து சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஓடுங்கள். மருந்துச் சீட்டில் இல்லாத ஒன்றும் உண்டு: பாச்சை உருண்டை. நாப்தலீன் உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்த பழைய துணியைக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள்.

கேள்வி (சென்னை): பிரஷர் மாத்திரை அண்ணனுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. ஜீன்தானே? நிறுத்திவிடலாமா?

பதில்: தினமும் போடுகிறீர்களா? உப்பு எவ்வளவு? அதற்கப்புறம் ஜீன். நிறுத்த வேண்டாம்.

கேள்வி (திருச்சி): எச்சிலை அனுப்பினால் எல்லா மருந்துக்கும் ஜாதகம் மாதிரி ரிப்போர்ட் தருகிறார்களாம். எடுக்கலாமா?

பதில்: எந்த மருந்துக்காக என்று ஒரு பெயர் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் என்றால் வேண்டாம்.

கேள்வி (வேலூர்): சுகர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்த...

பதில்: மேலே மூன்று முறை எழுதியாயிற்று.