பத்து வாரம், ஓர் ஒளிரும் பலகை, ஒரு பதிவு மேசை: எதை ஏற்பது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசி வாரம் வீட்டுக்கு வந்து விழுவதற்கே நேரம் சரியாக இருக்கும். மற்ற நாட்களில் மாலையில் எலக்ட்ரானிக்ஸ் நோண்டுவது என் பொழுதுபோக்கு. பாதியில் நிற்கும் ப்ராஜெக்டுகள் ஐந்தாறு இருக்கின்றன. இது போக, காமிக்ஸ், அறிவியல் புனைகதை ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் மூன்று நாள் கன்வென்ஷனில் வாலண்டியராக இருக்கிறேன். இந்த முறை பதிவு மேசைக்குத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். கூடவே, "உங்களுக்குத்தான் சர்க்யூட் எல்லாம் தெரியுமே" என்று வாசலுக்கு ஒளிரும் பெயர்ப்பலகையும் கேட்கிறார்கள். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எதையும் விட மனமில்லை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: பதிவு மேசைத் தலைமையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் உட்கார ஆசை இருந்தால் சாதாரண வாலண்டியராக ஓரிரு ஷிப்ட் போதும்.

இப்படிப் பட்டென்று சொல்லக் காரணம், இரண்டு வேலைக்கும் நெருக்கடி ஒரே காலைப்பொழுதில் வருகிறது. முதல் நாள் கதவு திறக்கும் நேரத்தில்தான் வரிசை நீளும், பேட்ஜில் பெயர் தப்பாக இருக்கும், பணம் கட்டியும் பட்டியலில் இல்லாத ஒருவர் குரலை உயர்த்துவார். அதே நேரத்தில்தான் வாசலில் மாட்டிய பலகையில் கடைசி மூன்று எழுத்து எரியாமல் நிற்கும். ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அதோடு, பலகை எரியாவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. பதிவு மேசை நின்றால் கன்வென்ஷனே நின்றுவிடும். தலைமை ஏற்பவருக்கு அதற்கு முந்தைய வாரங்களிலும் ஓய்வு கிடையாது. ஷிப்ட் அட்டவணை, வராமல் போகிறவர்களுக்கு மாற்று, பெயர்ப்பட்டியல் திருத்தம் என்று கடிதங்களும் குழுச் செய்திகளும் வந்துகொண்டே இருக்கும். உங்கள் மாதக் கடைசி வாரத்திலும் வரும்.

"நான் இல்லாவிட்டால் யார் செய்வார்கள்" என்ற எண்ணம் வரும். 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைகதை மாநாடு, இரண்டாம் உலகப் போரால் 1942 முதல் 1945 வரை நின்றது தவிர, இன்றுவரை சம்பளம் வாங்காத ரசிகர்களாலேயே நடக்கிறது. பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊர், அதை நடத்த வேறு குழு. ஒருவரையே நம்பியிருந்தால் அது இத்தனை காலம் ஓடியிருக்காது. பொறுப்பைக் கைமாற்றுவது இந்த வட்டாரத்தில் சாதாரண விஷயம். மறுக்கும்போது யார் பொருத்தம் என்று ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டவருக்குப் பாதி வேலை குறையும்.

அப்புறம் இன்னொன்று. பலகையை நீங்கள் மனதுக்குள் ஹாபி கணக்கில் எழுதி வைத்திருப்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஹாபியில் பிடிக்காவிட்டால் மூடி வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பலகைக்குத் தேதி உண்டு, கேட்டவர் உண்டு, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்று சொல்ல ஒரு குழுவே உண்டு. கையில் சால்டரிங் அயர்ன் (உலோகத்தை உருக்கி வயரை ஒட்டும் சூட்டுக்கோல்) இருக்கிறது என்பதைத் தவிர ஹாபிக்கான எந்த லட்சணமும் அதில் இல்லை. அதைக் கன்வென்ஷன் கணக்கில் மாற்றி எழுதினால், நீங்கள் ஏற்கெனவே ஒரு முழு வாலண்டியர் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்பது தெரியும். மறுக்கும்போது குற்ற உணர்வும் வராது.

இனி கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்போம். பத்து வாரத்தில் இரண்டு அல்லது மூன்று மாதக் கடைசி வரும். அந்த வாரங்களை அடித்துவிடுங்கள். கன்வென்ஷனுக்கு முந்தைய இரண்டு வாரத்தையும் அடியுங்கள், அப்போது புதிதாக எதையும் சால்டர் செய்யக் கூடாது. மிஞ்சுவது ஐந்தாறு வாரம். வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொன்றிலும் உருப்படியாக இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 20 முதல் 24 மணி நேரம். இதில் பாதியைக் கோளாறு தேடவே ஒதுக்க வேண்டும். ஆக, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கட்டி முடிக்கக்கூடிய பலகைதான் உங்கள் பலகை. குழுவிடம் வடிவமைப்பு பேசப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், பேசிய பிறகு அல்ல.

அந்த நேரத்துக்கு என் சிபாரிசு ஒரே நிறத்து 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சின்ன விளக்குகள் வரிசையாக ஒட்டிய பட்டை. கோடு (ப்ரோகிராம்) எழுத வேண்டாம், அதை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பும் வேண்டாம். பொதுவாக மூன்று எல்இடிக்கு ஒருமுறை வெட்டும் குறி இருக்கும், எழுத்து வடிவத்துக்கு வெட்டி ஒட்டி வயரால் இணைக்கலாம். மீட்டருக்கு எத்தனை வாட் என்று ஸ்ட்ரிப்பின் அட்டையில் போட்டிருப்பார்கள். மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். அடாப்டர் அதைவிடக் கால் பங்காவது கூடுதலாகத் தாங்குவதாக இருக்கட்டும். நீளம் கூடினால் கடைசி எழுத்துகள் மங்கும். இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும்.

உங்களுக்கு இது சப்பென்று இருக்கும் என்று தெரியும். நிறம் மாறி ஓடும் பலகைதான் வேண்டும் என்று மனம் கேட்கும். ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பில் அது முடியும்தான், ஆனால் எங்கெங்கே மாலைகளை விழுங்கும் என்று தெரிந்து இறங்குங்கள். ஒரு எல்இடி முழு வெள்ளையில் சுமார் 60 மில்லியாம்பியர் இழுக்கும் என்று கணக்கு வைப்பது வழக்கம். 150 எல்இடி என்றால் 5 வோல்ட்டில் 9 ஆம்பியர். அவ்வளவு மின்சாரத்தை பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) வழியாகவோ மெல்லிய ஜம்பர் வயர் வழியாகவோ அனுப்பினால் அது சூடாகி உருகும். கோடிலேயே வெளிச்சத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள்; அரங்குக்குள் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே கண்ணுக்குப் போதும்.

பலரைச் சுற்ற வைக்கும் கோளாறு, நிறக் கட்டளையைக் கொண்டுபோகும் டேட்டா வயரில் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்கு 5 வோல்ட் கொடுத்தால், சிக்னல் அதில் 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும் என்று அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) கேட்கிறது. பலரும் பயன்படுத்தும் இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் தருவது 3.3 வோல்ட். வீட்டு மேசையில் குட்டை வயரில் ஓடிவிடும். அரங்கில் வயரை நீட்டியதும் கண்டபடி மினுக்கும், நீங்கள் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 போன்ற ஒரு லெவல் ஷிப்டர் சிப்பை நடுவில் போட்டால் இந்தத் தொல்லை தீரும். டேட்டா வயரில் ஸ்ட்ரிப் தொடங்கும் இடத்தில் 300 முதல் 500 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், மின்சாரம் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், அவ்வளவுதான். இவை மூன்றையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எந்த வகையானாலும் சோதித்துச் சான்று பெற்ற ஆயத்த அடாப்டரையே வாங்குங்கள். வீட்டு மின்சாரப் பக்கத்தை நீங்களே திறந்து கட்டாதீர்கள். பொது இடத்தில் மூன்று நாள் எரியும் பொருள் அது. ஒரு ஃபியூஸும் போடுங்கள். பவர் பேங்கை நம்பவும் வேண்டாம்: அதிகம் இழுத்தால் பாதுகாப்புக்காகத் துண்டித்துக்கொள்ளும், மிகக் குறைவாக இழுத்தால் போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைத்து அணைந்துகொள்ளும்.

வேலை நாளின் மாலைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. தலை தெளிவாக இருக்கும் மாலையில் சால்டரிங், கோளாறு தேடல். களைத்த மாலையில் வயர் உரிப்பது, லேபிள் ஒட்டுவது, ஸ்ட்ரிப்பை அளந்து குறிப்பது, வாங்க வேண்டியதை எழுதுவது. வழக்கமான ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேண்டும், ஈயம் கலந்த 63/37 வகைக்கு (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் ஈயம்) 183 டிகிரி. அயர்ன் முனையை இவற்றைவிட வெகு அதிகமாக, 350 டிகிரி வாக்கில்தான் வைப்போம். பத்து மணி நேரம் எக்செல் பார்த்த கண்ணோடு அதைப் பிடிக்க வேண்டியதில்லை. களைப்பில் போட்ட ஜாயின்ட் ஒட்டியது போல் இருந்து வாசலில் விட்டுப்போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

நிறுத்தும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். "டேட்டா வயரில் மீட்டர் வைத்துப் பார்" என்ற அளவுக்குத் தெளிவாக. "பலகை வேலை தொடரவும்" என்று எழுதினால் பயனில்லை. வயரிங்கை ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே தட்டிலோ மூடியுள்ள பெட்டியிலோ வைத்து மூடுங்கள். நான்கு நாள் கழித்துத் திறக்கும்போது எங்கே விட்டோம் என்று தேடும் அரை மணி நேரம் மிச்சம். பாதியில் நிற்கும் அந்த ஐந்தாறு ப்ராஜெக்டுக்கும் இதே மருந்துதான்: ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர், ஒரு துண்டுச்சீட்டு, பத்து வாரத்துக்கு அலமாரி. முடிக்காமல் வைத்திருப்பது குற்றமே இல்லை. பாகம் வாங்குவதே தனி ஹாபி என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

பலகையை ஏற்கும்போது குழுவுக்கு எழுதுவதிலும் கவனம் வேண்டும். இப்படி எழுதலாம்: "பலகையை நான் செய்கிறேன். கன்வென்ஷனுக்கு மூன்று வாரம் முன்பு எரியவிட்டு வீடியோ அனுப்புவேன். அன்று எரியவில்லை என்றால் அச்சடித்த பேனருக்குச் சொல்லிவிடலாம். பதிவு மேசைக்குத் தலைமை ஏற்க இந்த முறை முடியாது. இரண்டாம் நாள் ஒரு ஷிப்ட் வருகிறேன்." மன்னிப்பும் நீண்ட விளக்கமும் வேண்டாம், விளக்கம் நீண்டால் பேரமும் நீளும். நீங்கள் கணக்குத் தெரிந்தவர் என்பதால் அடுத்து பொருளாளர் பொறுப்பும் தேடி வரும், எச்சரிக்கிறேன். பணம் கையாளும் வெளிப்பொறுப்பை ஏற்க உங்கள் அலுவலகத்தில் முன் அனுமதி தேவைப்படலாம். வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கன்வென்ஷன் கடிதங்களை அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்புவதையும் தவிருங்கள்.

லீவை இப்போதே கேளுங்கள். கன்வென்ஷன் நாட்களுக்கு மட்டும் கேட்டால் போதாது. பலகை மாட்ட முந்தைய நாளும், முடிந்த மறுநாளும் சேர்த்துக் கேளுங்கள். பெரும் கூட்டத்தில் மூன்று நாள் பேசிவிட்டு வந்தவர்களுக்கு அடுத்த வாரம் சளி, தொண்டைக்கட்டு வருவது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மறுநாள் காலை நேராக அலுவலகம் போனால் அதையும் சகாக்களுக்குப் பங்கு வைப்பீர்கள். மேலாளரிடம் தேதியையும், அதற்கு முன் எதை முடித்துத் தருவீர்கள் என்பதையும் சொன்னால் போதும்.

கன்வென்ஷன் நாட்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லும் 5-2-1 விதி ஒன்று உண்டு: நாளுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். இதில் தூக்கத்தை ஆறாக்கிச் சொல்பவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி. மூன்று நாளும் ஷிப்ட் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்களும் ஒரு ரசிகர்தானே, ஒரு நிகழ்ச்சியையாவது உட்கார்ந்து பாருங்கள்.

பலகைக்கான பையில் மல்டிமீட்டர், இன்னொரு அடாப்டர், ஒரு துண்டு ஸ்ட்ரிப், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, ஸ்க்ரூடிரைவர் இருக்கட்டும். சால்டரிங் அயர்னை எடுத்துப் போகாதீர்கள். அரங்கில் பிரித்து இணைக்க வேண்டிய இடங்களிலெல்லாம் வயரைத் திருகி இறுக்கும் ஸ்க்ரூ டெர்மினல் வைத்தால் அது தேவைப்படாது. எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது, எரியாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது என்று அரைப் பக்கம் எழுதிப் பலகையின் பின்னால் ஒட்டுங்கள். வேறு ஒரு வாலண்டியருக்கு அதைக் காட்டிக் கொடுத்தால் நீங்கள் சாப்பிடப் போகலாம்.

முடிந்த பிறகு பலகை யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டில்தான் இருக்கும். கொடுக்கும்போது அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று டேப்பில் எழுதி ஒட்டி, பலகையோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் யாராவது 12 வோல்ட்டைச் செருகினால் அடுத்த ஆண்டும் உங்களுக்குத்தான் போன் வரும்.