நம்பர் பெரிசு என்றால் ஒயிலும் பெரிசா?

கேள்வி: என்னுடையது ஐந்து கியர் உள்ள பழைய சின்னக் கார். காலை ஆறரைக்குப் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவேன். நோர்வூட் தாண்டும்வரை ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது 'கர்ர்' என்று அரைக்கிறது. சூடேறிய பிறகு ஒன்றும் இல்லை. கார்ப் புத்தகத்தில் கியர் ஒயில் ஜீ.எல்.-4, 75டபிள்யூ-90 என்று இருக்கிறது. கடைக்காரர், "ஜீ.எல்.-5 அதைவிட உயர்ந்தது, அதையே போடுங்க டீச்சர்" என்கிறார். கராஜ் பாஸ், இன்னும் தடித்த 140 ஒயில் போட்டால் சத்தம் அடங்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: டீச்சர், புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் ஒயில் வாங்க முதல் ஒரு சின்னச் சோதனை. நாளைக் காலை ஸ்டார்ட் செய்ய முதல் கிளச்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒரு சுற்றுப் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது லேசாக விழுகிற கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், அதிலும் ரிவர்ஸ் போடும்போது அரைத்தால், கிளச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். அதற்கு எந்த ஒயிலை ஊற்றியும் பிரயோசனம் இல்லை. உங்கள் கார் சூடேறியதும் அடங்கிவிடுகிறது என்பதால் எனக்கு ஒயில் மேல்தான் சந்தேகம்.

கியர்பொக்ஸுக்குள் சின்க்ரோ ரிங் என்று பித்தளை வளையங்கள் இருக்கின்றன. நீங்கள் லீவரைத் தள்ளும்போது அந்த வளையம் போய்க் கியரின் கூம்பு முகத்தைப் பிடிக்கிறது. பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிய பிறகுதான் பல்லோடு பல் சேரும். ஒரு வளையத்தைக் கையில் எடுத்து உள்பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள், மெல்லிய மரைபோல வரி வரியாக இருக்கும். இடையில் நிற்கிற ஒயிலை ஒரு நொடிக்குள் வெட்டித் தள்ளுவதற்குத்தான் அந்த வரிகள். மார்கழிக் காலையில் கித்துள் பாணிப் போத்தலைக் கவிழ்த்தால் எப்படி இறங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள்தானே? ஒயிலும் அப்படி நின்றுவிட்டால் வரி வெட்டாது, வளையம் வழுக்கும், பல் பல்லில் மோதும். இதில் 140 ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். தேய்ந்த பெயரிங்கின் சத்தத்தை அது கொஞ்சம் மூடி மறைக்கும், உண்மை. காரை விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை அது.

அடுத்தது கடைக்காரர். ஜீ.எல்.-4, ஜீ.எல்.-5 என்பதை நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று அவர் நினைத்துவிட்டார். பாடமே வேறு, டீச்சர். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடுமையாக அழுந்திச் சறுக்குகிற இடத்தில் உலோகம் கீறாமல் இருக்க, கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்து கியர் ஒயிலில் கலக்கிறார்கள். மூக்கைச் சுளிக்க வைக்கிற அந்த வாடை கந்தகத்தின் வாடை. ஜீ.எல்.-5இல் இந்த மருந்து ஜீ.எல்.-4இல் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்சலுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் சின்க்ரோ வளையத்துக்கு வேண்டியது பிடி. அளவுக்கு மீறி வழுக்கினால் அதன் வேலை கெடும். போதாததற்குச் சில ஜீ.எல்.-5 ஒயில்கள் சூட்டில் பித்தளையையும் மெல்ல அரிக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை. கராஜ் தொடங்கிய புதிதில் நானும் ஒருவரின் காருக்கு "நல்லதாகவே போடுவோம்" என்று ஜீ.எல்.-5 ஊற்றினேன். சில மாதத்தில் மூன்றாவது கியர் அரைக்கிறது என்று திரும்பி வந்தார். கழற்றிப் பார்த்தால், மஞ்சளாக மினுங்க வேண்டிய வளையங்கள் பழைய குத்துவிளக்குப் போலக் கறுத்துக் கிடந்தன. வளையத்துக்கும் கூலிக்கும் நான்தான் காசு போட்டேன்.

75, 90 என்கிற எண்களையும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிருக்கான எண். 75டபிள்யூ ஒயில் மைனஸ் 40 பாகையிலும், 80டபிள்யூ மைனஸ் 26இலும், 85டபிள்யூ மைனஸ் 12இலும் ஓரளவு அசைய வேண்டும் என்பது விதி. நுவரெலியாவில் புல்லில் துகள்பனி விழுகிற காலத்திலும் நமக்கு அந்தக் குளிர் கிடையாது. ஆனாலும் எண் குறையக் குறையக் காலையில் லீவர் லேசாகும். ஹட்டன் பக்கம் 75டபிள்யூவுக்கும் 80டபிள்யூவுக்கும் உள்ள வித்தியாசம் முதல் இரண்டு மைலில் கைக்குத் தெரியும். கடைசி 90, சூடேறிய பிறகு உள்ள தடிப்பு. அதை எஞ்சின் ஒயில் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், அளவுகோலே வேறு. 90 கியர் ஒயில் ஏறக்குறைய 40, 50 எஞ்சின் ஒயில் அளவு தடிப்புத்தான்.

போத்தலில் 'ஜீ.எல்.-4/ஜீ.எல்.-5' என்று இரண்டும் போட்டிருந்தால் ஜீ.எல்.-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சின்க்ரோவுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மாற்றும்போது பாஸிடம் ஒன்று சொல்லுங்கள்: ஊற்றுகிற நட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, பிறகு கீழ் நட்டைக் கழற்றட்டும். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் ஒயிலை எல்லாம் வடித்துவிட்டு மேலே போனான். மேல் நட் துருவேறி, ஸ்பானர் பட்டதும் முனை மழுங்கிவிட்டது. அந்தக் கார் மூன்று நாள் என் முற்றத்தில் நின்றது. அப்புறம், கார் சமதரையில் நிற்க வேண்டும். ஊற்றுகிற துவாரத்தின் விளிம்பில் ஒயில் வழிந்தால்தான் அளவு சரி, சரிவில் நின்றால் அது பொய் சொல்லும். மலைநாட்டில் சமதரையுள்ள கராஜ் தேடுவது நல்ல ஒயில் தேடுவதைவிடக் கஷ்டம்.

வடிந்த ஒயிலை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். மஞ்சளாக மினுங்கினால் பித்தளை வளையம் தேய்ந்திருக்கிறது. காந்தம் உள்ள நட்டில் சாம்பல் நிறக் களிம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பது வழமை. துண்டு துண்டாக இரும்பு வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: டொல்பின் வேன் ஓடுகிறேன். கியர்பொக்ஸுக்கும் டிஃபரன்சலுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றலாமா?
– வேன் சாரதி, தலவாக்கலை

பதில்: தம்பி, டிஃபரன்சலில் சின்னப் பினியன் பெரிய கிரவுன் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே தள்ளி இருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் உரசிச் சறுக்கவும் செய்யும். நான் மேலே டீச்சருக்குச் சொன்ன ஜீ.எல்.-5இன் இடம் இதுதான். அங்கே ஜீ.எல்.-4 ஊற்றினால் ஏற்றத்தில் ஆட்களோடு இழுக்கும்போது பற்கள் கீறும். கியர்பொக்ஸுக்குப் புத்தகம் ஜீ.எல்.-5ஐயும் அனுமதித்திருந்தால் ஒரே கேன் போதும். இல்லையென்றால் இரண்டு கேன்தான். கேனில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள், எழுதாத கேன் என்றைக்காவது மாறும்.

கேள்வி: இறம்பொடை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே?
– அதே சாரதி

பதில்: சில தடவை மிதித்ததும் பிரேக்குக்குத் துணையாக நிற்கிற வெக்குவம் போய்விடும், பிறகு பெடல் கல்லாகி, முழுப் பலத்தோடு அழுத்தினாலும் வேனை நிறுத்துவது பெரும் பாடு. அது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல. உங்கள் கியர்பொக்ஸில் கீழே ஒயிலில் முங்கியிருக்கும் தண்டை எஞ்சின்தான் சுழற்றுகிறது. அதை அணைத்தால் கீழ்த்தண்டு நின்றுவிடும், மேல்தண்டு மட்டும் சக்கரத்தோடு சுற்றும், மேலே ஒயில் தெறிக்காது. ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் இறங்குங்கள், தம்பி. இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்கவாவது நேரம் கிடைக்கும்.