ஒரு மாணவருக்கு எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவா நகரில் வசிக்கிறேன். பிள்ளைகள் இருவரும் பொதுப்பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் சொத்துவரிச் சீட்டில் நகராட்சி, கவுன்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), உள்ளூர்க் கல்வி, மாநிலக் கல்வி என நான்கு இனங்கள் இருக்கின்றன; உள்ளூர்க் கல்விக்குத்தான் பெருந்தொகை போகிறது. போதுமான கல்விக்கென மாநிலம் ஒரு மாணவருக்குத் தரும் அடிப்படைத் தொகை போதாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்ததாகப் படித்தேன். மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும் விடைக்கு முப்பது ஆண்டுகளாக வழக்கு எதற்கு?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்லும் வகுத்தலைச் செய்தால் ஒரு மாணவருக்கு 20,000 டாலருக்கு மேல் வருகிறது. ஆனால் அது செலவான தொகை. செலவாக வேண்டிய தொகை அல்ல. ஏரிக்கரையில் கோடைகால வீடுகள் நிறைந்த ஊர் குறைந்த வரி விகிதத்திலேயே தாராளமாகச் செலவிடுகிறது. பழைய ஆலை நகரமான கிளேர்மான்ட் அதிக விகிதத்தில் வரி போட்டும் திணறுகிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது ஊர்களுடைய வசதியின் சராசரிதான். அந்தக் கிளேர்மான்ட்டும் வேறு சில ஊர்களும் தொடுத்த வழக்கில்தான், போதுமான கல்வி அளிப்பது மாநிலத்தின் அரசியலமைப்புக் கடமை என்று 1993இலும், அதற்கான சொத்துவரி விகிதம் ஊருக்கு ஊர் மாறக்கூடாது என்று 1997இலும் தீர்ப்பு வந்தது. போதுமான கல்வி எது, அதற்கு என்ன செலவாகும் என்று மாநிலமே வரையறுக்க வேண்டும் என 2006இல் லண்டன்டெரி என்ற ஊர் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் கூறியது.

எனவே சட்டமன்றம் 2008இல் அடியிலிருந்து கணக்கைக் கட்டி எழுப்பி, ஒரு மாணவருக்கு 3,450 டாலர் என்றது. வம்பெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் ஆசிரியருக்குச் சம்பளமும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவையும் சேர்த்து ஆண்டுக்கு 75,000 டாலர் ஆவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வகுப்பில் 30 பேர் என்றால் தலைக்கு 2,500 டாலர். 25 பேர் என்றால் 3,000. மலையோரச் சிற்றூர்ப் பள்ளியில் 15 பேர்தான் என்றால் 5,000. அந்தக் காலத்து மாநிலப் பள்ளி விதிகளில் 25, 30 என்பவை வகுப்பில் அனுமதிக்கப்பட்ட உச்ச எண்ணிக்கைகள். உச்சத்தையே நடைமுறையாகக் கொண்டு கணக்கிட்டால், இடங்களெல்லாம் நிரம்பிய, எங்கும் இல்லாத ஒரு பள்ளிக்கான செலவுதான் கிடைக்கும். சம்பளத்திலும் இதே கதைதான்: அனுபவம் குறைந்த ஆசிரியரை வைத்துக் கணக்கிட்டால் தொகை இறங்கிவிடும். பள்ளிப் பேருந்தோ 40 பிள்ளைகளை ஏற்றினாலும் 11 பேரை ஏற்றினாலும் ஏறக்குறைய ஒரே எரிபொருளைத்தான் குடிக்கிறது.

எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பது அடுத்த சிக்கல். பள்ளிச் செவிலியர், பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரின் அலுவலகம், உணவுச் சேவை ஆகியவை அடிப்படைத் தொகையில் விடுபட்டிருக்கின்றன என்பது 2019இல் கான்டூகுக் வேலி பள்ளி மாவட்டமும் (பல ஊர்களின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பிறரும் தொடுத்த வழக்கின் வாதங்களில் ஒன்று. செவிலியர் இல்லாமல் பள்ளி நடத்த மாநிலச் சட்டமே இடம் கொடுக்காதபோது அவரை எப்படிக் கணக்கிலிருந்து விட முடிந்தது என்பது எனக்கு இன்றும் புரியாத புதிர்.

அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் 2023 நவம்பரில், மிகச் சிக்கனமாகப் பார்த்தாலும் தொகை 7,356.01 டாலருக்குக் குறையாது என்றது. மாநிலம் அப்போது கொடுத்துவந்தது 4,100. அந்த ஒரு சென்ட்டை நான் ரசித்தேன். தொகையை நிர்ணயிப்பது சட்டமன்றத்தின் வேலை என்று தயங்கிய நீதிபதி, கடைசிக் காசுவரை கூட்டிக் காட்டிவிட்டார். மாநில அரசுக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் கூடுதல் செலவு வைக்கும் கணக்கு அது. நீங்கள் படித்த 2025 தீர்ப்பு, அப்போதைய தொகை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பதை உறுதி செய்தது. ஆனால் கூடுதல் தொகையை உடனே கொடுக்கச் சொன்ன விசாரணை நீதிமன்ற ஆணையை நீக்கிவிட்டு, பொறுப்பை மீண்டும் சட்டமன்றத்தின் கையில் விட்டது.

உங்கள் சீட்டில் 'மாநிலக் கல்வி' என்று இருக்கும் இனத்தைப் பாருங்கள். அது மாநிலத்தின் பெயரில் உங்கள் வீட்டின் மீது விதிக்கப்பட்டு, உங்கள் ஊரிலேயே வசூலாகி, உங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கே போகிறது. ஆயினும் போதுமான கல்விக்குத் தான் கொடுத்த பணத்தில் அதையும் சேர்த்தே மாநிலம் கணக்குக் காட்டுகிறது.