டிபி கில்லர் இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகன் போன ஆண்டு 350 சிசி பைக் ஒன்று வாங்கினான். கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வெளியில் வாங்கிய குட்டைச் சைலன்சரை மாட்டியிருக்கிறான். "உள்ளே சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லர் இருக்கிறது, ஐரோப்பிய 'ஈ' முத்திரையும் இருக்கிறது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் போலீஸார் நிறுத்தி எச்சரித்து அனுப்பினார்கள். "கம்பெனி வண்டியே தடதடவென்றுதானே போகிறது, என்னை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பரணில் இருக்கும் சைலன்சரை இந்த வாரமே இறக்கி மாட்டிவிடுங்கள். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் உங்கள் மகன் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. வாகனச் சத்தத்தை அளக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல விரும்புகிறேன்.

175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு நம் நாட்டில் உச்சவரம்பு 80 டெசிபல். 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கும் கீழே 75. இந்த எண்ணை எங்கே, எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏ.ஆர்.ஏ.ஐ.), நம் ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. திறந்த மைதானத்தில் 20 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள். அதன் நடுவில், வண்டி செல்லும் பாதையிலிருந்து இரு புறமும் 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக் நிற்கும். வண்டி சுமார் 50 கி.மீ. வேகத்தில் வரும், கோட்டைத் தொட்டதும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகுவார். அந்த சில நொடிகளில் பதிவாகும் உச்சச் சத்தம்தான் கணக்கு.

அந்த எண் சைலன்சருக்கு மட்டும் தரப்பட்டதல்ல. குறிப்பிட்ட எஞ்சின், ஏர் ஃபில்டர் பெட்டி, கியர் விகிதம், சைலன்சர் எல்லாம் சேர்ந்த ஒரு முழு வண்டிக்குத் தரப்பட்டது. காற்றால் குளிரும் எஞ்சினின் பக்கவாட்டுத் தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள் செருகியிருப்பதை உங்கள் மகனிடம் காட்டுங்கள். அந்தத் தகடுகள் அதிர்ந்து வெண்கலக் கிண்ணம்போல ஒலிக்காமல் இருக்கத்தான் அவை. அரை டெசிபலைக் குறைப்பதற்காக எஞ்சினியர்கள் அந்த அளவுக்கு மெனக்கெடுகிறார்கள். அதில் சைலன்சரை மட்டும் மாற்றினால், சோதனையில் தேறிய வண்டி அது அல்ல.

'ஈ' முத்திரையின் கதையும் இதேதான். ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சர்களுக்கென்றே ஐ.நா.வின் 92ஆம் விதிமுறை இருக்கிறது; அதன்படி சோதித்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். ஆனால் அந்த அனுமதி எந்தெந்த மாடல்களுக்குச் சோதித்தார்களோ அவற்றுக்கு மட்டுமே. உங்கள் மகனின் வண்டியில் மாட்டினால் அந்த முத்திரைக்கு இங்கே மதிப்பில்லை. அது உண்மையான முத்திரைதானா என்பது வேறு கேள்வி.

டிபி கில்லர் என்பது சைலன்சரின் வாயில் செருகும் ஒரு குறுகிய குழாய். ஒற்றை போல்ட்டில் நிற்கும். அதைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். கம்பெனி சைலன்சரை அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு மூன்று அறைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பித் திரும்பிப் போகும் குழாய்கள், துளையிட்ட தகடுகள் இருக்கும். வாயு ஒவ்வொரு அறையிலும் விரிந்து, மோதி, தன் சத்தத்தைத் தானே தணித்துக்கொண்டு வெளியே வரும். குட்டைச் சைலன்சரில் பெரும்பாலும் நேரான ஓட்டைக் குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சும்தான். அந்தப் பஞ்சு சூட்டில் கருகி, உதிர்ந்து, புகையோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். வாங்கிய அன்று கேட்ட சத்தம் ஒரு வருடம் கழித்து இருக்காது, கூடியிருக்கும்.

இனி மகனின் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி வண்டியும் தடதடக்கிறது என்பது உண்மை. அதற்குக் காரணம் சோதனைக் கருவியிலேயே இருக்கிறது. மனிதக் காது தாழ்ந்த சுருதியை மந்தமாகத்தான் கேட்கும் என்பதால், மீட்டர் அந்த ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. அந்த 25 ஹெர்ட்ஸ் ஒலியில் மீட்டர் ஏறக்குறைய 45 டெசிபலைக் கழித்துவிடும். 100 ஹெர்ட்ஸில்கூட 19 டெசிபல் போய்விடும். தாழ்ந்த ஒலியைச் சுவரும் கதவும் எளிதில் தடுப்பதில்லை. சன்னல் கண்ணாடி அதிர்வதும், உள்ளறையில் படுத்திருக்கும் முதியவர் நெஞ்சில் இடிபோல உணர்வதும் அந்த ஒலியைத்தான். விதிக்குக் கட்டுப்பட்டே அந்த 'தட் தட்'டை வைத்துக்கொள்ள முடியும் என்று தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். கூர்மையான ஒலிகளை அடக்கிவிட்டு, வாடிக்கையாளர் விரும்பும் அந்தத் தாழ்ந்த தாளத்தை மட்டும் மெருகேற்றுவார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் விதி எதை அளக்கிறதோ அதைத்தான் தொழில்துறை குறைத்திருக்கிறது. ஐரோப்பாவில் பெரிய பைக்குகளின் புகைக்குழாயில் மோட்டாரால் திறந்து மூடும் ஒரு கதவு வைத்தார்கள். சோதனை நடக்கும் வேகத்திலும், எஞ்சின் அப்போது சுழலும் சுற்று எண்ணிக்கையிலும் அது மூடியிருக்கும். அதைத் தாண்டினால் திறந்துகொள்ளும். கியர் விகிதத்தை நீட்டி, சோதனை வேகத்தில் எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்படி செய்வதும் உண்டு. இதையெல்லாம் கண்ட பிறகுதான், 2016இல் யூரோ 4 என்ற ஐரோப்பிய விதிமுறை வந்தபோது, 20 முதல் 80 கி.மீ. வரை வெவ்வேறு வேகங்களிலும் சத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையைச் சக்திமிகுந்த பைக்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் பொறுமை இழந்தது. நின்ற நிலையில், சைலன்சருக்கு அருகே அளந்தபோது 95 டெசிபலுக்கு மேல் என்று ஆவணத்தில் பதிவான பைக்குகளை 2020 ஜூனிலிருந்து ராய்ட்டே பகுதியின் சில மலைச்சாலைகளில் தடுத்தது. அவை அனைத்தும் முறையான அனுமதி பெற்று விற்கப்பட்ட வண்டிகள். ஓட்டுநர் சங்கங்கள் கொதித்தன. என் மனம் அந்த மலைக்கிராமத்து மக்களின் பக்கம்தான்.

ஆகவே சோதனை முறை இன்னும் கடுமையாக வேண்டும் என்று மகன் சொன்னால் அவனோடு நானும் சேர்ந்து சொல்வேன். ஆனால் 80இல் நிற்கும் வண்டியை 95க்குக் கொண்டுபோக அது காரணம் ஆகாது. 15 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 32 மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு சத்தமாகப்படும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்த வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவு: முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதம் உரிமமும் போகும். பொறுப்பு முழுக்க வண்டிக்காரரின் தலையில். கடைக்காரரோ பெட்டியின் மேல் 'பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒரு வரி அச்சிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்.

இன்னொரு விஷயம். போன் செயலியில் அளந்து பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. உரத்த சத்தத்தில் அது திணறிவிடும். சைலன்சரிலிருந்து அரை மீட்டரில் எடுத்த அளவை 80 என்ற வரம்போடு ஒப்பிட்டுச் சண்டையிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது 7.5 மீட்டரில், ஓடும் வண்டிக்கான வரம்பு. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

பழைய சைலன்சரை மாட்டும்போது சிலவற்றைக் கவனியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட வண்டி என்பதால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கும். சில மாடல்களில் அது முன்குழாயில், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே. முழுக் குழாயையும் மாற்றியிருந்தால் அதுவும் பரணில்தான் கிடக்கும். சத்தத்தோடு புகை விதியும் மீறப்பட்டிருக்கிறது. எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைத் திருப்பிப் போட விடாதீர்கள். ஆக்ஸிஜன் சென்சாரின் இணைப்பு சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா, மீட்டரில் எஞ்சின் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். குட்டைச் சைலன்சருக்காக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வில் மாற்றம் செய்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். திரும்ப இறுக்க வேண்டும். வேலை செய்த மெக்கானிக்கிடம் தேதி போட்ட ரசீது வாங்கி வண்டியின் ஆவணங்களோடு வையுங்கள்.

குட்டைச் சைலன்சரை வேறு ஒருவருக்கு விற்க வேண்டாம். அது இன்னொரு தெருவில் போய் ஒலிக்கும். இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.