அப்பளமாக நெளியும் வட்டமும் காணாமல் போகும் கண்ணிகளும்

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, பேட்டர்ன், அதாவது எப்படிப் பின்னுவது என்று எழுதிய குறிப்பு, புரியவில்லை என்பவை. மீதியும் கடைசியில் கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னல்) எண்ணுவதில்தான் வந்து நிற்கின்றன.

கேள்வி: டம்ளர் வைக்க வட்டமாக ஒரு கோஸ்டர் போட்டேன். நான்காவது ரவுண்டிலிருந்து ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. நூல் சரியில்லையா?

பதில்: நூல் பாவம், அதை விடுங்கள். கண்ணி கூடிவிட்டது. அமெரிக்கப் பெயரில் சொன்னால், சிங்கிள் குரோஷாவில் மேஜிக் ரிங்குக்குள் (இழுத்துச் சுருக்கக்கூடிய நூல் வளையம்) 6 கண்ணியில் தொடங்கினால் 12, 18, 24, 30 என்று ஆறாறாக ஏற வேண்டும். டபுள் குரோஷா உயரமானது என்பதால் 12-இல் தொடங்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறும். கூடினால் அப்பளம், குறைந்தால் கிண்ணம்.

எங்கே கூடுகிறது? அநேகமாக ரவுண்டு முடியும் இடத்தில். ஸ்லிப் ஸ்டிட்ச் என்ற உயரமில்லாத பின்னல் போட்டு இணைத்த பிறகு, அந்த இணைப்பும் ஒரு கண்ணி போலவே தெரியும். அதற்குள்ளும் ஊசியை விட்டுவிடுவோம். ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் கண்ணி போட்டவுடனே அதில் ஒரு ஊக்கைக் குத்திவையுங்கள். ஊக்கு இருக்கும் கண்ணியில்தான் இணைக்க வேண்டும், இணைப்பைக் கண்ணியாக எண்ணக்கூடாது. நெளிந்ததை இஸ்திரி போட்டு நிமிர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், பிரித்துவிடுங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டேன். அகலம் சரி, நீளம் மட்டும் இரண்டு மடங்கு!

பதில்: அது பிரிட்டிஷ் பேட்டர்னாக இருக்கும், நீங்கள் அமெரிக்க முறையில் போட்டிருப்பீர்கள். அவர்களுடைய டபுள், அமெரிக்கர்களின் சிங்கிள். அவர்களுடைய ட்ரெபிள், அமெரிக்கர்களின் டபுள். பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள் குரோஷா' என்று இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. நானும் ஒரு சால்வையைப் பாதி வரை போட்டு, பிறகு உட்கார்ந்து பிரித்தவள்தான்.

கேள்வி: 20 கண்ணியில் தொடங்கிய மஃப்ளர் பத்து வரியில் 14-க்கு வந்துவிட்டது.

பதில்: அமெரிக்க டபுளில் வரியின் தொடக்கத்தில் போடும் 3 செயின் (சங்கிலிக் கண்ணி), பொதுவாக முதல் கண்ணியாகவே கணக்கு. அதனால் திரும்பி வரும்போது கடைசிக் கண்ணியை அந்தச் செயினின் தலையில் போட வேண்டும். அதைத்தான் விட்டிருப்பீர்கள்.

கேள்வி: சோதித்த பேட்டர்ன் என்கிறார்களே, எப்படி நம்புவது?

பதில்: எழுதியவர் அல்லாத ஒருவர், எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எழுதியவரின் கை, தாளில் விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒருமுறை ஒரு குல்லா பேட்டர்னைச் சோதிக்கக் கேட்டார்கள். ஐந்தாவது ரவுண்டு முடிவில் 36 என்று இருந்தது. எனக்கு 30-தான் வந்தது, இரண்டு தடவை பிரித்தும் 30. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுதியவர் ஒரு ரவுண்டையே எழுத மறந்திருந்தார். வரி முடிவில் கண்ணி எண்ணிக்கை, மில்லிமீட்டரில் ஊசி அளவு, முடிந்த பொருளின் அளவு, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்ற விவரம், இவை இல்லாத பேட்டர்னுக்குக் காசு கொடுக்காதீர்கள். 'ஆரம்பநிலை' என்று போட்டிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கேள்வி: மாதிரித் துண்டு போட்டே ஆகவேண்டுமா? நூல் வீண்தானே?

பதில்: பொம்மைக்கு வேண்டாம், உடுப்புக்கு வேண்டும். பேட்டர்னில் 10 சென்டிமீட்டருக்கு 16 கண்ணி, உங்கள் கையில் 14 என்றால், 90 சென்டிமீட்டர் சுற்றளவுக்கான 144 கண்ணி 103 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். அந்த மேல்சட்டைக்குள் இன்னொருவரும் நுழையலாம். ஒரு அளவு சின்ன ஊசியில் மறுபடி போட்டுப் பாருங்கள். காட்டன் நூலானால், துவைத்துக் காயவைத்த பிறகு அளவெடுங்கள்.

கேள்வி: லேஸ் போடும் ஸ்டீல் ஊசியில் பெரிய நம்பர் வாங்கினேன், மெல்லியதாக இருக்கிறதே?

பதில்: அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். கடையில் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.