ஊட்டிக் குளிரில் தூண்டில் ராடின் நூல் சுற்றுக்குப் பூசிய எபாக்சி காயாமல் பிசுபிசுக்கிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஊட்டியில் வீட்டிலேயே ஒரு ராட் கட்டியிருக்கிறீர்கள். கைடுகளின், அதாவது தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களின், கால்கள் மேல் நைலான் நூல் சுற்றி, எபாக்சியின் இரண்டு பாகமான ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசியிருக்கிறீர்கள். ஐந்து நாளாகியும் விரல் ஒட்டுகிறது, உள்ளே குமிழ் நிற்கிறது, மேலே எண்ணெய் தடவினாற்போல ஒரு மங்கல். வீடியோவில் காட்டியபடியே செய்தேன், என் கைதான் சரியில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையில் குறையில்லை. அந்த வீடியோக்களை எடுப்பவர்களின் அறை 24, 25 டிகிரியில் இருக்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் 14, 15 டிகிரிதான், இரவில் அதற்கும் கீழே போகும். எபாக்சிக்கு 10 டிகிரி குறைந்தால் காயும் நேரம் சுமார் இரண்டு மடங்காகிவிடும். 10 டிகிரிக்கும் கீழே போனால் பல ஹார்டனர்கள் வேலை செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு அந்த வீடியோக்களின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நான் கோத்தகிரியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இந்த மலையில் ராட் பழக்கம் பழையது. 1907-ல் எச். சி. வில்சன் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்த காலத்திலிருந்தே டிரவுட் பிடிப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். பங்களாக்களின் பரணில் பழைய மூங்கில் ராடுகள் இன்றும் கிடக்கின்றன. காயிலுக்கு நூல் கட்டி வார்னிஷ் ஊற்றுகிறவனால் இதையும் செய்ய முடியும் என்று நம்பி, தோட்டத்து ரைட்டர் ஒருவர் கைடு கழன்ற ராடைக் கொண்டுவந்தார். அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன்.

முதலில் பூசிய மூன்று ராடுகளும் உங்களுடையது மாதிரியேதான் ஆயின. குளிர்தான் காரணம் என்று தெரிந்ததும் அறையில் கரிக் கணப்பு மூட்டிவைத்தேன். வெப்பம் வந்தது, ஆனால் மறுநாள் காலையில் நூல் சுற்று முழுக்க வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு படலம். ஏன் என்று புரிய எனக்கு நாளாயிற்று. ஹார்டனரில் அமீன் என்ற பொருள் இருக்கிறது. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் அது எபாக்சியோடு சேராமல் மேலே வந்து அந்த வாயுவோடு சேர்ந்துகொள்கிறது. கரி எரிந்தால் கரியமில வாயு வருகிறது. மண்ணெண்ணெய், கேஸ் ஹீட்டர் என்றால் அந்த வாயுவோடு நீராவியும் சேர்ந்து வருகிறது. ஆக, அறையைச் சூடாக்க நெருப்பு மட்டும் வேண்டாம், மின்சார வெப்பம்தான் வேண்டும். உங்கள் அறையில் கேஸ் ஹீட்டர் ஓடியதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த எண்ணெய் மங்கலைப் பார்த்தால் ஓடியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அது இல்லாவிட்டாலும் நம் ஊர்ப் பனிமூட்டமே போதும்.

இப்போது கையிலிருக்கும் ராடுக்கு வருவோம். மேலே இருக்கும் படலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அது தண்ணீரில் கரையும், தின்னர் போட்டால் பரவத்தான் செய்யும். துடைத்து உலர்த்தி, இரண்டு நாள் 30 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன். அதன்பிறகு நகம் பதியாமல் இறுகிவிட்டால் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, இரண்டாவது பூச்சு கொடுக்கலாம். கொஞ்சம் ஒட்டுகிறது, ஆனால் வழியவில்லை என்றால், அளவு சரியாகக் கலந்த புதுப் பூச்சை மேலே போட்டால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே இறுகும். தேன்போல வழிந்தால்தான் பிரிக்க வேண்டும். அப்போது பிளேடை கைடின் உலோகக் காலுக்கு மேலே மட்டும் வைத்து நூலை அறுங்கள். பிளாங்கின் மேல், அதாவது ராடின் கார்பன் தண்டின் மேல், பிளேடு படவே கூடாது, ஒரு கீறல் போதும், மீன் இழுக்கும்போது அங்கேதான் முறியும்.

அடுத்த முறைக்கு, முதலில் ரெசின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளிரில் வைத்த ரெசின் சில நேரம் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி வெளுத்து, அடியில் சர்க்கரைப் பொடிபோலப் படிந்துவிடும். கெட்டுப்போனதென்று தூக்கிப் போடாதீர்கள். மூடியை இறுக்கி 50 டிகிரி வெந்நீரில் வைத்தால் திரும்பத் தெளியும். தெளியாததை அப்படியே அளந்தால் அளவே தப்பாகும். தெளிவாக இருந்தாலும் இரண்டு பாட்டிலையும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டுத்தான் திறப்பேன். குளிர்ந்த ரெசின் பாகுபோலக் கெட்டியாக இருக்கும், சிரிஞ்சில் காற்றோடு ஏறும், கலக்கும்போது உண்டாகும் குமிழையும் விடாது. உங்கள் குமிழ்களில் பாதி இங்கேயே வந்திருக்கும்.

அளப்பதற்கு இரண்டு சிரிஞ்சு, ஒன்று ரெசினுக்கு, ஒன்று ஹார்டனருக்கு, மாற்றவே கூடாது. மருந்துக்கடை சிரிஞ்சின் கறுப்பு ரப்பரில் சிலிக்கோன் எண்ணெய் தடவியிருக்கும். அது கலந்தால் பூச்சில் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். ரப்பரே இல்லாத முழு பிளாஸ்டிக் சிரிஞ்சு கிடைத்தால் அதை வாங்குங்கள். பாட்டிலில் கன அளவில் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டிருந்தால் தராசில் நிறுக்காதீர்கள், இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல. வேலை சிறியதென்றாலும் 3 மில்லிக்குக் குறைத்து எடுக்க வேண்டாம். அரை மில்லி எடுக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தவறினாலே விகிதம் போய்விடும். மீதி வீணாகிறதே என்று எனக்கும் மனசு கேட்காது, ஆனால் அந்த மிச்சம் பார்த்துத்தான் பலருடைய பூச்சு காயாமல் போகிறது. உள்ளே மெழுகு பூசிய பேப்பர் கப் வேண்டாம். பிளாஸ்டிக் கப்பில், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, மெதுவாக நான்கு நிமிடம் கலக்குங்கள். கலந்ததும் அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். கப்பிலேயே விட்டால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகும், பரப்பினால் குமிழும் தானாக மேலே வந்து உடையும்.

இதற்கெல்லாம் முன்னால் நூலைக் கவனிக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கால், ஸ்பூனின் பின்பக்கமென்றாலும் சரி, சுற்றைத் தேய்த்து இடைவெளிகளை மூடுங்கள். மேலே எழும்பி நிற்கும் நூல் பிசிறை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் ஒரு நொடி காட்டி எடுங்கள். லைட்டர் கரி பிடிக்கும். சாதாரண நைலான் நூல் எபாக்சி பட்டால் நிறம் ஆழ்ந்துவிடும், வெள்ளை கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அது பிடிக்காவிட்டால் நிறம் மாறாத நூல் வாங்குங்கள். நிறம் காக்கும் திரவத்தை நான் பூசுவதில்லை. அது தண்ணீர் கலந்த சரக்கு, நம் ஈரத்தில் உள்ளே முழுதாகக் காய நாள் கணக்கில் ஆகும். காயாமல் மேலே எபாக்சி போட்டால் புகைபோல மங்கும்.

பூசும் இடத்தில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். கைடு காலின் இருபுறமும் நூலுக்கு அடியில் சின்னச் சுரங்கம் மாதிரி ஒரு வெற்றிடம் ஓடும், காற்று ஒளிந்திருப்பது அங்கேதான். காலின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வைத்து அது உள்ளே ஓடி நிரம்பும் வரை காத்திருங்கள். நூல் முழுக்க நனைந்ததும் ஸ்பிரிட் விளக்கை ஓர் அங்குலம் கீழே, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டினால் பூச்சு இளகிக் குமிழ் உடையும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாங்க் கெடும். பதினைந்து நிமிடம் சுழலவிட்டு, பிறகு ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மிகுந்தது அடியில் தொங்கும், அதை பிரஷ் நுனியால் தொட்டு எடுங்கள். பாதி சுற்று திருப்பி இன்னொரு தடவை எடுங்கள். இதைச் செய்யாததால்தான் சுற்று நடுவில் பருத்துப் பந்து மாதிரி ஆகிறது.

சுழற்றுவதற்கு மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டார் போதும். நிமிடத்துக்கு 5, 6 சுற்று, 220 வோல்ட், விலையும் குறைவு. பிவிசி மூடிக்குள் ஸ்பான்ஜ் வைத்து ராடின் அடியைப் பிடிக்கவிடுங்கள். ரசமட்டம் வைத்து ராட் படுமட்டமாக இருக்கிறதா பாருங்கள், சாய்ந்தால் பூச்சு ஒரு பக்கம் ஓடும். கரண்ட் போனால் கையால் சில நிமிடத்துக்கு ஒருமுறை பாதி சுற்று திருப்பினால் போதும். காற்று மழை நாளில் ராத்திரி இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் பெட்டி. வைண்டிங் கடைகளில் வார்னிஷ் போட்ட காயிலைப் பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்துக் காயவைப்போம். அதையே நீளமாக்கிக்கொண்டேன். ஐந்தடி நீளத்தில், அடிப்பாகம் இல்லாத பிளைவுட் பெட்டி. இரண்டு கோடியிலும் 40 வாட் குண்டு பல்பு, ராடுக்கு ஒரு சாணாவது தள்ளி. எல்இடி வேண்டாம், அதில் சூடு வராது. ஈரக் காற்று வெளியேற மேலே நாலைந்து துளை, உள்ளே தொங்கும் ஒரு தெர்மாமீட்டர். 30 டிகிரியைத் தாண்டினால் ஒரு பல்பை அணைத்துவிடுவேன். பூசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ராடை இதற்குள் வைத்துவிட வேண்டும். சில்லென்றிருக்கும் கைடைச் சூடான இடத்துக்குக் கொண்டுவந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி வேர்க்கும், அதன் மேல் பூசினால் பூச்சு பிடிக்காது. பூசி, மிகுந்ததை எடுத்தபின் ஸ்டாண்டின் மேல் பெட்டியைக் கவிழ்த்து எட்டு மணி நேரம் சுழலவிடுவேன். தூசியும் விழாது.

இரண்டாவது பூச்சை 24 மணி நேரத்துக்குள், ஒட்டாமல் ஆனதும் போட்டுவிட்டால் தேய்க்க வேண்டிய வேலை இல்லை. பிறகு ஒரு வாரம் சும்மா இருக்கட்டும். உங்களிடமும் பரணில் பழைய மூங்கில் ராட் ஏதாவது இருந்து அதில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு எபாக்சி வேண்டாம். பட்டு நூல் சுற்றி, வார்னிஷை நீர்போல மெல்லியதாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக நாலைந்து தடவை பூசுங்கள். அதற்கும் இதே பெட்டிதான், ஒவ்வொரு பூச்சுக்கும் முழுதாக ஒரு நாள்.