பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிகிறதா? ரேக்கைக் கழற்றுவதற்கு முன் ஹோஸைப் பாருங்கள்

கேள்வி: 20 வருடம் ஓடிய கார். நிறுத்திவைத்தால் முன்பக்கம் தரையில் சிவப்பாக எண்ணெய்த் திட்டு. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது, முழுக்க ஒடித்தால் முனகல் சத்தம் வேறு. மெக்கானிக் ரேக்கையே (ஸ்டீயரிங் ஒடிப்பதை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) மாற்றச் சொல்கிறார். நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா? கசிவை நிறுத்தும் திரவம் என்று விற்கிறார்களே, அதை ஊற்றினால் போதாதா?

பதில்: எங்கிருந்து கசிகிறது என்று தெரிந்தால்தான் முடியுமா முடியாதா என்று சொல்லலாம். பழைய வண்டிகளில் ரேக் சீல் போவது சகஜம், அதனால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ரேக் இருப்பது கீழே. டப்பா, பம்பு, ஹோஸ்கள் பெரும்பாலும் அதற்கு மேலே, அங்கே கசிகிற ஆயில் வழிந்து ரேக்கில் இறங்கித்தான் தரையில் சொட்டும். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் நல்ல ரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுநாளும் அதே திட்டைத்தான் துடைப்பீர்கள்.

முதலில் அது பிரேக் ஆயில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். தரையில் இருப்பதில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். ஸ்டீயரிங் ஆயில் மேலே மிதக்கும், வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கரைந்துவிடும். கூலன்டும் கரையும் என்பதால் பிரேக் டப்பாவின் மட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள், அது குறைந்திருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். உங்கள் வண்டியில் ஸ்டீயரிங் டப்பாதான் குறைகிறது, எனவே மேலே போகலாம்.

இன்ஜின் ஆறிய பிறகு பம்பு, ஹோஸ், இணைப்புகள் எல்லாவற்றையும் டிகிரீஸர் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். அப்புறம் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கட்டும், நீங்கள் டார்ச்சோடு பாருங்கள். கடைசி வரை ஒடித்த நிலையில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், கசிவும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, பம்பு சூடேறிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் அழுத்த ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அதில் அழுத்தம் 70 பார், சில வண்டிகளில் 100 பார் வரை போகும். ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலுக்குள்ளேயே போய்விடும், அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், போதும்.

என் சந்தேகம் முதலில் ரிட்டர்ன் ஹோஸ் மேல்தான். ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாய் அது, அழுத்தம் குறைவு, கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து ரப்பர் கெட்டியாகி, முனையில் வெடித்து, கிளிப்பும் தளர்ந்திருக்கும். குழாய் மற்ற இடத்தில் மிருதுவாக இருந்து நீளமும் மிச்சம் இருந்தால் கெட்டியான முனையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு புது கிளிப் போட்டாலே நின்றுவிடும், ஆனாலும் இவ்வளவு வயசான குழாயை மொத்தமாக மாற்றிவிடுவதுதான் என் கட்சி. ஸ்டீயரிங் ஆயில் அல்லது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கையில் கிடக்கிற ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டினால் அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப் பிய்ந்துபோகும். டப்பாவின் பிளாஸ்டிக் மூக்கில் கிளிப்பை வெறியோடு முறுக்காதீர்கள், மூக்கு உடைந்தால் புது டப்பா வாங்க வேண்டும்.

கசிவு அழுத்த ஹோஸில் என்றால் டேப், கிளிப், ஒட்டு எதுவும் நிற்காது. முழு ஹோஸையும் மாற்றுங்கள், அல்லது ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து தருபவரிடம் பழையதைக் கொடுத்து அதே மாதிரி செய்துவாங்குங்கள். இணைப்பில் செம்பு வாஷர் இருந்தால் புதிதாகப் போட வேண்டும். நட்டை முதலில் விரலால் ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனர் பிடியுங்கள், அலுமினியப் பம்பில் மரை போனால் பம்பே போச்சு. புல்லிக்குப் பின்னால் ஈரமாக இருந்தால் பம்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. பம்பைக் கழற்ற வேண்டிய வேலை அது, பழக்கம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது). இன்ஜினை ஓடவிடாமல் ஸ்டீயரிங்கை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு 20 தடவை ஒடியுங்கள், மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜின். உங்கள் முனகல் சத்தம் ஆயில் குறைந்து பம்பு காற்றை இழுப்பதால் வருவதாக இருக்கலாம், அப்படியானால் இதிலேயே அடங்கும். எந்த ஆயில் என்பதை மூடியிலோ கையேட்டிலோ பாருங்கள். பச்சை ஆயில் கேட்கும் வண்டியில் சிவப்பை ஊற்றக் கூடாது, பிரேக் ஆயிலை எந்த ஸ்டீயரிங்கிலும் ஊற்றக் கூடாது, சீல் எல்லாம் பாழாகும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

கசிவை நிறுத்தும் திரவம் பற்றிக் கேட்டீர்கள். அது சீல் ரப்பரை இளக்கி உப்ப வைக்கும், அவ்வளவுதான். இறுகிப்போன சீலில் மெல்லக் கசிவது கொஞ்ச நாள் குறையலாம், வெடித்த ஹோஸுக்கும் தளர்ந்த இணைப்புக்கும் ஒன்றும் செய்யாது. கசியும் இடத்தைப் பார்க்காமல் நான் ஊற்ற மாட்டேன்.

கடைசியாக ரேக். அதன் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும், அதை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் சளசளவென்று இருந்தால் ரேக் சீல் போய்விட்டது, உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. அந்த வேலையை அவரிடமே விடுங்கள், முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துத்தான் வண்டியை வாங்க வேண்டும்.